விளையாட்டுப் பயிற்சியும் மேலாண்மையும் படிக்க: சேருவதற்கு முன்பிருந்து முதல் வேலை வரை

ஜூன் மாதம் வந்தால் போதும், எங்கள் மைதானத்து வேப்பமரத்தடிக்கு யாராவது ஒரு அப்பா மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். "நல்லா விளையாடுறான் சார், அதிலேயே ஏதாவது படிக்க வைக்கலாம்னு பாக்குறோம்" என்பார். அந்த 'ஏதாவது'தான் பிறகு வினையாகிறது. இரண்டு வருடம் விளையாட்டு மேலாண்மையில் எம்.பி.ஏ. முடித்துவிட்டுப் பள்ளியில் பி.டி. சார் வேலைக்கு விண்ணப்பித்து, தகுதியில்லை என்று திரும்பி வந்த பையனை எனக்குத் தெரியும். பி.பி.எட். என்கிற உடற்கல்வி ஆசிரியர் பட்டம் முடித்துவிட்டு, பயிற்சியாளர் பணிக்கு என்.ஐ.எஸ். டிப்ளமோ கேட்கிறார்களே என்று தலையில் கைவைத்த பெண்ணையும் தெரியும். இருவருமே நன்றாகப் படித்தவர்கள்தான். வரிசையைத் தப்பாகப் பிடித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இந்தப் படிப்புக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் வேலை, அப்புறம் படிப்பு

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே 'ஸ்போர்ட்ஸ் படிப்பு'தான். உள்ளே மூன்று தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. ஒன்றில் நடந்து மற்றொன்றின் வாசலுக்குப் போய்ச் சேர முடியாது.

பள்ளி, கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராகவோ இயக்குநராகவோ ஆக வேண்டுமென்றால் பி.பி.எட்., அதன் பின் எம்.பி.எட். இரண்டும் தலா இரண்டு வருடம். இது ஆசிரியர் கல்வி என்பதால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உள்ள கல்லூரியில் படித்தால்தான் செல்லும். பிளஸ் டூ முடித்த கையோடு சேர்கிற இளநிலை உடற்கல்விப் பட்டங்களும் உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஆசிரியராகிவிட முடியாது, பி.பி.எட். சேர அது ஒரு படி.

ஒரு விளையாட்டின் பயிற்சியாளராக வேண்டுமென்றால் பட்டியாலாவில் இருக்கும் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஒரு வருடப் பயிற்சியாளர் டிப்ளமோ. எல்லோரும் 'என்.ஐ.எஸ்.' என்று சொல்வது இதைத்தான். கூடவே அந்தந்த விளையாட்டுச் சம்மேளனத்தின் லைசென்ஸ்களும் வேண்டும்.

போட்டி நடத்துவது, கிளப், லீக் அணி, அரங்கம், ஸ்பான்சர் இவற்றைக் கவனிப்பது என்றால் விளையாட்டு மேலாண்மை. இதற்குப் பட்டத்தின் பெயரைவிட நீங்கள் ஏற்கெனவே எதை நடத்திக் காட்டினீர்கள் என்பதே பெரிது. இதை நிறைய பேர் படிப்பு முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

மூன்றில் எது என்று முடிவாகவில்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு போட்டிக்குப் போய் நாள் முழுக்க உட்காருங்கள். உங்கள் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆடுகிறவனின் கால் வைப்பிலா, ஓரத்தில் நின்று கத்துகிற குட்டிப் பிள்ளைகள் மீதா, அல்லது "இரண்டாவது மேட்ச் ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை" என்ற எரிச்சலிலா? பெரும்பாலும் பதில் அதற்குள்ளேயே இருக்கும்.

2. சான்றிதழ் ஃபைலை விண்ணப்பத்துக்கு ஒரு வருடம் முன்பே சரிசெய்யுங்கள்

திறமை இருந்தும் இடம் கிடைக்காமல் போவதற்கு நான் பார்த்த முதல் காரணம் உடல் அல்ல, காகிதம்.

பி.பி.எட். சேர ஏதாவதொரு பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண்ணும், கல்லூரிகளுக்கு இடையிலோ மாவட்ட, பள்ளி அளவிலோ அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் கலந்துகொண்டதற்கான சான்றும் வேண்டும் என்பது பொது விதி. உடற்கல்வியிலேயே பட்டம் பெற்றவர்களுக்கு 45 சதவீதம். இட ஒதுக்கீட்டுச் சலுகை தனி. என்.ஐ.எஸ்.ஸுக்கு இதைவிட மேலான விளையாட்டுச் சாதனை கேட்பார்கள்.

நம் ஊரில் 'ஃபார்ம்' என்று சொல்வதையும் புரிந்துகொள்ளுங்கள். இந்தியாவுக்காக ஆடியிருந்தால் ஃபார்ம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் 2, பல்கலைக்கழக அணிக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் 3, தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்கு 4. போட்டியில் கொடுத்த வண்ணச் சான்றிதழ் வேறு, இந்தப் படிவம் வேறு. படிவத்தில் உரிய அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வருடம் கழித்துப் போனால் அந்தப் பொறுப்பில் ஆளே மாறியிருப்பார், பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். ஆடிய வருடமே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது பெயர். மதிப்பெண் பட்டியலில் 'மு. கார்த்திகேயன்', கபடிச் சான்றிதழில் 'கார்த்திக்', ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்தால், சரிபார்க்கிறவர் கண்ணுக்கு மூன்று பேர் தெரிவார்கள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி, இனிஷியலோடு எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று, அசல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பாசமாகச் செய்கிறோம், ஆனால் பின்பக்கம் சரிபார்ப்பு முத்திரை வைக்க இடமில்லாமல் போகும். பிளாஸ்டிக் உறையுள்ள ஃபைல் போதும்.

3. கல்லூரியைக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள்

சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உடற்கல்வியோடு விளையாட்டு மேலாண்மை, பயிற்சி, உடற்பயிற்சி உடலியங்கியல், யோகா என்று தனித்தனித் துறைகள் அங்கே உண்டு. 1920-இல் தொடங்கி, இப்போது சென்னை நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி ஆகியவையும் பலரும் போகிற இடங்கள். வெளி மாநிலம் பரவாயில்லை என்றால் குவாலியரிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிற லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனங்கள்.

இணையதளத்தில் எல்லாக் கல்லூரி மைதானமும் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும். நேரில் போங்கள், அதுவும் காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் மைதானத்தில் ஆசிரியர் நிற்கிறாரா, தாண்டும் குழியில் மணல் இருக்கிறதா, தடை ஓட்டத் தடைகள் துருப்பிடித்து ஒரு மூலையில் கிடக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் மூன்றாம் செமஸ்டர் மாணவர் ஒருவரைப் பிடித்து, "இதுவரைக்கும் எத்தனை பாடம் நீங்களே நடத்தியிருக்கீங்க?" என்று கேளுங்கள். அவர் யோசித்தால், நீங்களும் யோசியுங்கள்.

மைதானத்தில் கற்க வேண்டிய படிப்பைத் தபாலில் தருகிறோம், வார இறுதியில் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்கி, குழுமத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். இடைத்தரகர் வாட்ஸாப்பில் அனுப்புகிற பி.டி.எஃப். கணக்கில் சேராது.

4. நுழைவுத் தகுதித் தேர்வுக்கு உடம்பு மூன்று மாதம் கேட்கும்

ஓட்டம், தாண்டுதல், எறிதல், உங்கள் விளையாட்டின் திறன் என்று தேர்வு இருக்கும். எந்தெந்த நிகழ்ச்சி என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான தப்பு இது: கபடி ஆடுகிறவர் கபடி மட்டும் ஆடிக்கொண்டே இருப்பார். தேர்வு நாளன்று குண்டை முதல் முறையாகக் கையில் வாங்கி, கிரிக்கெட் பந்து மாதிரி எறிவார். குண்டை எறியக் கூடாது, கழுத்தை ஒட்டி வைத்துத் தள்ள வேண்டும். எறிந்தால் ஃபவுல், தோளும் போகும். உங்களுக்குப் பழக்கமில்லாத நிகழ்ச்சியை முதல் மாதமே ஆரம்பியுங்கள். வேகமும் பலமும் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் உத்தி சரியானால் இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

புது ஸ்பைக்ஸை (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) தேர்வு நாளில் போடாதீர்கள். இதைச் சொல்லாத வருடமே இல்லை, கேட்காதவர் இல்லாத வருடமும் இல்லை.

5. முதல் செமஸ்டரில் வகுப்பறையைக் கோட்டை விடாதீர்கள்

காலையில் மைதானம், பத்து மணிக்கு வகுப்பு, மாலையில் மறுபடி மைதானம். வந்த புதிதில் வகுப்பில் தூக்கம் சொக்கும். 'நாம் ஆட வந்தவர்கள்தானே' என்ற நினைப்பு வேறு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிரி இயந்திரவியல் இந்த மூன்றிலும்தான் அரியர் விழும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் பாடத்தைவிடச் சொற்கள்தான் சுமை. ஒரு நோட்டுப் போட்டு, தசையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் அது எந்த அசைவைச் செய்கிறது என்று தமிழில் எழுதுங்கள். அன்றைக்கு மாலையே அந்தத் தசை வேலை செய்கிற ஒரு பயிற்சியைச் செய்து, தொட்டுப் பாருங்கள். ஹாம்ஸ்ட்ரிங் எங்கே இருக்கிறது என்று பத்துத் தடவை படிப்பதைவிட, மலையேற்ற ஓட்டம் ஓடிவிட்டு மறுநாள் காலையில் குனிந்தால் ஆயுசுக்கும் மறக்காது.

6. ட்ராக் மார்க்கிங்: கணக்கு எங்கே வருகிறது என்று புரிந்துகொண்டு போடுங்கள்

செய்முறைத் தேர்வில் அதிகம் பேர் திணறுவது இங்கேதான். எண்களை மனப்பாடம் செய்துவிட்டு, அவை எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் சுண்ணாம்பு வாளியோடு நிற்பார்கள்.

தரமான 400 மீட்டர் ட்ராக்கில் நேர்ப்பகுதி ஒன்று 84.39 மீட்டர். வளைவின் உள் ஆரம் 36.50 மீட்டர். ஓடுகிறவர் உள் விளிம்பிலேயே காலை வைத்து ஓடுவதில்லை, அதனால் முதல் லேனை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கிறார்கள். ஆக ஓடும் ஆரம் 36.80. இரண்டு நேர்ப்பகுதியும் சேர்ந்து 168.78, இரண்டு வளைவும் சேர்ந்து 231.22. கூட்டினால் 400.

மைதானத்தில் முதல் வேலை சுண்ணாம்பு போடுவது அல்ல, செவ்வகம் பிடிப்பது. 84.39-க்கு 73 மீட்டர் என்று நான்கு மூலையிலும் முளை அடியுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் இரண்டும் 111.58 மீட்டர் வர வேண்டும். வரவில்லையென்றால் மூலை கோணலாக இருக்கிறது, மேலே போகாதீர்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். விட்டுவிட்டால், மாலையில் இரண்டாவது வளைவு நேர்க்கோட்டோடு சேராமல் அரை அடி தள்ளி நிற்கும். போட்ட சுண்ணாம்பை எல்லோரும் பார்க்கக் காலால் அழிக்க வேண்டியிருக்கும். நான் அழித்திருக்கிறேன்.

டேப் இரும்பு டேப்பாக இருக்கட்டும். துணி டேப் இழுக்க இழுக்க நீளும், இரண்டு பேர் இரண்டு பலத்தில் இழுத்தால் இரண்டு அளவு வரும். வளைவு போடும்போது மையத்து முளையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளைத் தனியாக உட்கார வையுங்கள். முளை ஒரு விரல் சாய்ந்தாலும் மொத்த வளைவும் சாயும்.

அடுத்தது ஸ்டாகர், அதாவது வெளி லேனில் ஓடுகிறவர் கூடுதல் தூரம் ஓடாமலிருக்க அவர் தொடங்கும் கோட்டை முன்னால் தள்ளிப் போடுவது. ஒரு லேன் 1.22 மீட்டர் அகலம். இரண்டாம் லேன் முதல் 30 செ.மீ. அல்ல, 20 செ.மீ. தள்ளித்தான் அளப்பார்கள். அந்தப் பத்து செ.மீ. குறைவதால் 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் லேனின் முன்தள்ளல் 7.04 மீட்டர். அதற்குப் பிறகு ஒவ்வொரு லேனுக்கும் 7.67 கூடும். புதியவர்கள் 7.04-ஐ இரண்டால் பெருக்கி மூன்றாம் லேனுக்கு 14.08 என்று போட்டுவிடுவார்கள். சரியான அளவு 14.70. மூன்றாம் லேனில் ஓடுகிற பிள்ளை 62 செ.மீ. கூடுதலாக ஓடுகிறது என்று அர்த்தம்.

இதில் ஒரு நுணுக்கம். 30 செ.மீ. கணக்கு உள் விளிம்பில் உயர்த்திய கட்டை இருக்கிற ட்ராக்குக்கு. வெறும் சுண்ணாம்புக் கோடுதான் என்றால் முதல் லேனையும் 20 செ.மீ.யில்தான் அளக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 36.50 ஆரத்தில் போட்ட நம் செம்மண் ட்ராக் 399.37 மீட்டர்தான் வரும். தேர்வாளர் எந்தக் கணக்கை எதிர்பார்க்கிறார் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதால் மதிப்பெண் குறையாது. என் அனுபவத்தில் கூடத்தான் செய்தது.

7. பாடம் நடத்தும் பயிற்சி: விசிலைக் குறையுங்கள்

புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர் முதல் ஐந்து நிமிடத்தில் இருபது தடவை விசில் ஊதுவார். பத்தாவது விசிலுக்குப் பிறகு பிள்ளைகள் காதில் அது விழுவதே இல்லை. ஆரம்பிக்க ஒன்று, நிறுத்த ஒன்று, அவ்வளவுதான்.

நிற்க வைக்கும்போது வெயில் உங்கள் முகத்தில் படட்டும், பிள்ளைகள் முகத்தில் வேண்டாம். கண் கூசுகிற பிள்ளை நீங்கள் செய்து காட்டுவதைப் பார்க்காது. வரிசையில் பதினைந்து பேரை நிறுத்தி ஒரு பந்தைக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு முறை வருவதற்குள் மற்ற பதினான்கு பேரும் அடித்துக்கொள்வார்கள். நான்கு பேருக்கு ஒரு பந்து. பந்து இல்லையா, துணிப் பந்து செய்யுங்கள்.

யூடியூபில் பார்த்த ஒலிம்பிக் வீரரின் பயிற்சி அட்டவணையை 13 வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. அந்த அட்டவணைக்குக் கீழே பத்து வருட அடித்தளம் இருக்கிறது, அது வீடியோவில் தெரியாது. அதேபோல் டப்பாவில் வருகிற பவுடர். தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதுப்பிக்கப்படுகிறது. உடம்பில் மருந்து இருந்தால் 'சார் கொடுத்தார்' என்று சொல்லித் தப்ப முடியாது, பொறுப்பு வீரருடையது. கொடுத்த சாரும் மாட்டுவார்.

8. மேலாண்மை படிக்கிறவர்கள்: ஒரு போட்டியையாவது முழுசாக நடத்துங்கள்

பாடப்புத்தகத்தில் திட்டமிடல், ஒருங்கிணைத்தல் என்றெல்லாம் வரும். அதை ஊர் வாலிபால் போட்டி ஒரே ராத்திரியில் கற்றுக்கொடுத்துவிடும்.

11 அணி பெயர் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாக்-அவுட் என்றால் அடுத்த இரண்டின் அடுக்கு 16, எனவே 5 பை, அதாவது ஐந்து அணி முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். மேல் பாதியில் 6 அணிக்கு 2 பை, கீழ்ப் பாதியில் 5 அணிக்கு 3 பை. முதல் சுற்றில் 3 ஆட்டம், மொத்தம் 10 ஆட்டம். லீக் என்றால் 11-ஐப் பத்தால் பெருக்கி இரண்டால் வகுங்கள், 55 ஆட்டம்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று செட் ஆட்டம் ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் என்றால், ஒரே மைதானத்தில் நாக்-அவுட்டுக்கே ஏழரை மணி நேரம். லீக்குக்கு 41 மணிக்கு மேல். விழாக் கமிட்டிப் பெரியவர் "எல்லாரும் எல்லாரோடயும் ஆடட்டும் தம்பி" என்று சொல்லும்போது, இந்தக் கணக்கைப் பேப்பரில் எழுதிக் காட்டுங்கள். மரியாதையாக மறுக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பட்ஜெட்டில் கோப்பையும் ரொக்கப் பரிசும் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மறந்துபோவது நடுவர் படியும், ஜெனரேட்டர் டீசலும், முதலுதவிப் பெட்டியும், தோற்ற அணி ராத்திரி இரண்டு மணிக்கு ஊர் திரும்ப ஆகும் வண்டிச் செலவும். பை யாருக்கு என்பதை எல்லா அணி மேலாளர்களையும் வைத்துக்கொண்டே குலுக்கிப் போடுங்கள். தனியாகப் போட்டால், நேர்மையாகவே போட்டிருந்தாலும் விடிய விடியப் பஞ்சாயத்துதான்.

நடத்தி முடித்ததும் வரவு செலவு, அட்டவணை, படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். நேர்காணலில் காட்ட இதுதான் உதவும். முதலமைச்சர் கோப்பை மாதிரியான பெரிய போட்டிகளில் தன்னார்வலராகப் போக வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். ஆனால் மேடைப் பக்கம் நிற்காமல் அணிகளின் வருகைப் பதிவு, தங்குமிடம் போன்ற வேலையைக் கேட்டு வாங்குங்கள். சிக்கல் எல்லாம் அங்கேதான் வரும்.

9. லைசென்ஸ்களைப் படிக்கும்போதே தொடங்குங்கள்

கால்பந்தில் டி, சி, பி, ஏ, ப்ரோ என்று ஏற வேண்டும், படி தாண்ட முடியாது. ஒரு படிக்கும் அடுத்ததற்கும் நடுவே பயிற்சி கொடுத்த அனுபவமும் கேட்பார்கள். ஆகவே பட்டம் வாங்கிய பிறகு டி-யில் ஆரம்பிப்பவர் இரண்டு வருடம் பின்தங்குகிறார். தடகளத்துக்கும் வாலிபாலுக்கும் இதேபோல நிலைகள் உண்டு. என்.ஐ.எஸ். நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு நல்ல தொடக்கம்தான், ஆனால் ஒரு வருட டிப்ளமோவுக்கு அது ஈடாகாது. விளம்பரத்தில் 'டிப்ளமோ' என்று இருந்தால் ஆறு வாரத்தை வைத்து விண்ணப்பித்துக் கட்டணத்தை வீணாக்காதீர்கள்.

நடுவர் தேர்வும் எழுதுங்கள். வார இறுதியில் கைச்செலவுக்கு ஆகும், விதியும் விரல் நுனியில் வரும்.

10. வேலைக்குப் போகும்போது

கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பணிக்கு எம்.பி.எட்.டில் 55 சதவீதம், கூடவே கல்லூரிப் பணிக்கான தகுதித் தேர்வுகளான நெட் (தேசிய அளவு), செட் (மாநில அளவு) இவற்றில் ஒன்று அல்லது முனைவர் பட்டம் வேண்டும். நெட்டில் உடற்கல்வியின் பாட எண் 47. இதற்கு உடல் தகுதித் தேர்வும் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 30 வயது வரையுள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டர், பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டர். முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனால் இது லேசு இல்லை.

தனியார் பள்ளி, அகாடமி நேர்காணல்களில் கேள்வி கொஞ்சம்தான். கையில் ஒரு விசிலையும் எதிரே பத்துப் பிள்ளைகளையும் கொடுத்து, "பத்து நிமிஷம் ஏதாவது பண்ணுங்க" என்பார்கள். அப்போது உங்களால் எவ்வளவு உயரம் தாண்ட முடியும் என்று செய்து காட்டாதீர்கள். பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள், ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிற பிள்ளையைக் கட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வார்ம்-அப், அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு ஆட்டம். பத்தாவது நிமிடத்தில் நீங்களே கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.